பூக்கடை ரேடியோவின் ஃபியூஸ்

தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் பழைய வால்வு ரேடியோ, மூன்றாவது முறையாக ஃபியூஸ் போய் எங்கள் கடைக்கு வந்தது. நாகர்கோவிலில் ரேடியோ பழுதுபார்க்கும் அந்தக் கடையில் நான் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சர்க்யூட் படம் பார்க்கத் தெரியும் என்று சொல்லித்தான் வேலை வாங்கியிருந்தேன்.

"ஏலே படிச்சவனே, பெட்டிக்கு என்ன பேதியா? ஒரு மாசத்துல மூணு தடவ ஆச்சு" என்றார் வியாபாரி.

அவர் போனதும் முதலாளி சொன்னார்: "இனி ஒருக்க இந்தப் பெட்டி திரும்பி வந்தா, நீ செட்டத் தொடாண்டாம். முன்னால இருந்து டார்ச் செல்லு வித்தா போதும்."

வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். கண்டென்சர்களைச் சோதித்தேன். இரண்டு நாள் ஓடவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஃபியூஸுக்குப் பதில் கனத்த கம்பியைச் சுற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும். கோளாறு பூக்கடையில்தான் இருக்க வேண்டும் என்று பெட்டியை நானே எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் தோவாளைக்குப் போனேன்.

அவர் கடையில் ரேடியோவை வைத்து ஒயரை மாட்டினேன். அன்றைய முதல் மாலை தராசுக்கு, அடுத்தது ரேடியோவுக்கு. வியாபாரி பிச்சிமாலையில் தாராளமாகத் தண்ணீர் தெளித்து, பெட்டியின் தலையில் போட்டுவிட்டுக் குமிழைத் திருகினார். பாட்டு வந்தது. மாலையின் நுனி பின்பக்கம் தொங்கியது. அதிலிருந்து சொட்டிய நீர் காற்றுத் துளை வழியாக, கரண்டு நுழையும் இடத்தில் போய் விழுந்தது. படக்கென்று பாட்டு நின்றது.

"பாத்தியா?" என்றார், ஏதோ ஜெயித்தவர்போல.

"அண்ணாச்சி, மாலத் தண்ணிதான் உள்ள எறங்குது."

"பாட்டுப் படிக்க பெட்டி, சரஸ்வதில்லா? அதுக்கு மால போடப்பிடாதுங்கியா?"

"போடுங்க. தண்ணி தெளிக்காண்டாம்."

"வாடிப்போவும்லா. வாடின பூவு கடையில தொங்கினா எவன்லே வாங்குவான்?"

பக்கத்துத் தூணில் ஓர் ஆணி அடித்து மாலையை அதில் தொங்கவிட்டேன். உள்ளே துடைத்துக் காயவைத்துப் புது ஃபியூஸ் போட்டேன். அவர் அரைமனதோடு தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"ஃபியூஸ் இல்ல வே, ஸ்டேஷன் முள்ளு நகர மாட்டேங்கு" என்றார் வியாபாரி.

முதலாளி பின்மூடியைக் கழற்றினார். நான் போட்ட ஃபியூஸ் அப்படியே இருந்தது.

"முள்ள இழுக்க நூலு அத்துருக்கு. பய பாத்துக்கிடுவான்" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.