நாலு கோடும் நிறைஞ்சு நிண்ட நாள்

சண்டை முடிஞ்சு, தமிழ்நாட்டு அகதி முகாமில இருந்து நாங்கள் தலைமன்னாருக்குத் திரும்பி வந்த ரெண்டாம் வருசம் நடந்தது இது. எங்கட கரையில கைபேசிக்கு ஒரு கூத்து. நினைச்ச நேரம் அக்கரை டவரைப் பிடிச்சுக்கொண்டு, இந்தியாவுக்கு நல்வரவு எண்டு செய்தி காட்டும். இவ்வளவு காலம் அங்க கிடந்து இப்பதான் வந்தனாங்கள், திரும்பவும் கூப்பிடுறான் பார் எண்டு சிரிப்பம்.

சிரிச்சாலும் எனக்கு அது பெரிய இடைஞ்சல். என்ர மனுசன் கடலுக்குப் போறவர். காத்து எழும்பினா நான்தான் கரையில இருந்து போன் எடுத்துச் சொல்லவேணும். அதால, முகாமில பக்கத்துக் குடிலில இருந்த ஒருத்தர் சிக்னலைக் கூட்டும் எண்டு கொண்டுவந்து தந்த பெட்டியைக் கூரையில பூட்டினன். பூட்டின உடன போனில சிக்னல் கோடு நாலும் நிறைஞ்சுது. ஒழுங்கையில எல்லாற்ற போனிலயும் நிறைஞ்சுது. இடைக்கிடை கதை அறுந்ததுதான், ஆனா கோடு நிறைய இருக்கேக்க பெட்டியை ஆர் சந்தேகிப்பினம்? எனக்குச் சரியான பெருமை.

ரெண்டு கிழமையால ஒரு காலமை வாசலில வான் ஒண்டு வந்து நிண்டுது. இறங்கின ஆள் மீன்முள்ளு மாதிரி ஒரு கம்பியை எங்கட வீட்டுப் பக்கம் பிடிச்சுக்கொண்டு ஏதோ எழுதினார். வீட்டைப் பாத்து எழுதுற ஆக்களைக் கண்டா எங்களுக்கு இன்னும் பயம்தான்.

"அக்கா, கூரையில ஏதும் பெட்டி இருக்குதா?" எண்டு சிங்களவாடைத் தமிழில கேட்டார்.

ஒண்டுமில்லை எண்டன். ஆர் என்ன கேட்டாலும் முதல்ல இல்லையெண்டு சொல்லு, முகாம் படிப்பிச்ச பாடம் அது. அவற்ற அட்டையைக் கேட்டன். காட்டினார். தொலைத்தொடர்பு ஆணைக்குழு எண்டு பேர், படம், முத்திரை எல்லாம் இருந்தது. இதை ஆரும் அடிக்கலாம் எண்டுபோட்டுக் கதவைச் சாத்தினன். பக்கத்து வீட்டு மச்சாளும் வந்து நல்லா ஏச, ஆள் வானில ஏறிப் போயிட்டார்.

மத்தியானம் காத்து எழும்பிச்சு. மனுசனுக்கு எடுத்தன், போகேல்லை. பத்துத்தரம் எடுத்திருப்பன். நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது, ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கையில ஒருத்தற்ற போனும் வேலை செய்யேல்லை. வந்தவன்தான் ஏதோ செய்துபோட்டான் எண்டு எனக்கு விசர் ஏறிச்சு. வான் சந்தியில நிக்குதெண்டு மச்சாள் சொல்ல, வெறுங்காலோட ஓடினன்.

"என்ர மனுசன் கடலில நிக்குது. எங்கட போனை என்ன செய்தனீர்?" எண்டு கத்தினன்.

அவர் கோவப்படேல்லை. "அக்கா, இங்க நிண்டு எடுத்துப் பாருங்கோ," எண்டார்.

அங்க ரெண்டு கோடுதான். ஆனா மணி போச்சுது. மனுசன் எடுத்தவுடன அழாக்குறையாய்ச் சொன்னார், எஞ்சின் நிண்டுபோச்சாம், நீரோட்டம் எல்லைப்பக்கம் இழுக்குதாம், விடிஞ்சதில இருந்து வீட்டுக்கு எடுக்கிறாராம். எல்லை தாண்டினா இந்தியாக்காரன் பிடிச்சு மறியலில போட்டிடுவான். ஓடிப்போய் அவற்ற தமையனைப் படகோட அனுப்பினன். பின்னேரம் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேந்தினம்.

தமையன் போன கையோட, வெக்கத்தை விட்டு, வானில வந்தவரிட்ட, "தம்பி, பெட்டி இருக்கு," எண்டன். அவரே ஏறி அதை நிப்பாட்டினார். நானும் ஒரு டவர்தான் எண்டு இது எல்லாப் போனுக்கும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு, பிறகு கதையைக் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டாமல் குழப்பியிருக்கு எண்டார். போன் ஏன் அதை நம்பினது எண்டு கேட்டன்.

"டவர் போடுற அறிவித்தலில உங்கட கிராம சேவகற்ற கடிதத்தில இருக்கிற மாதிரி முத்திரை இல்லை அக்கா. கிட்ட நிண்டு பலமாச் சொல்லுறதைப் போன் நம்பும்."

மீள்குடியேற்றப் படிவத்துக்கு முத்திரை தேடி நாயா அலைஞ்ச எனக்கு அது உடன விளங்கிச்சு. முத்திரையோட வந்த மனுசனுக்குக் கதவைச் சாத்தினனான், கூரையில இருந்த பெட்டியிட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லை. இண்டைக்கும் போனில நாலு கோடும் நிறைஞ்சு நிண்டா, எனக்கு அட்டையோட வாசலில நிண்ட அந்தத் தம்பியின்ர முகம்தான் ஞாபகம் வரும்.