பீடத்தில் ஏறிய புலி

எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளை சமையலுக்கு முன்னாலும் ஒரு சின்னத் திருட்டு நடக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டுவாள். பிறகு, அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி, ஜன்னலோரம் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிடுவாள். நாகலாபுரத்தை ஒட்டிய எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் இதே திருட்டுதான். பிடியரிசி என்று அதற்குப் பெயர். எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஓட்டுக்கூரை போட்ட கோயில் எழும்பிய நாளிலிருந்தே இந்த வழக்கம் உண்டு என்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்த அரிசியை வாங்கி வருவார்கள். கோயில் வராந்தாவில் கொட்டி, கல் பொறுக்கி, புடைத்து வைப்பார்கள். புருஷனை இழந்தவள் வீடு, வேலை போனவன் வீடு, பிள்ளைகள் பெங்களூருக்குப் போய் முகவரியை மறந்துவிட்ட கிழவர் வீடு என்று ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அரிசி போய்ச் சேர்ந்துவிடும். யார் வீட்டுக்குப் போகிறது என்பது அந்த நால்வரைத் தவிர எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுவதுகூட மரியாதைக் குறைவு.

சோனா மசூரியும் ரேஷன் அரிசியும் குருணையும் கலந்த கதம்பம் அது. சமைத்தால் பாதி குழைந்து பாதி விறைத்து நிற்கும் என்று அந்த நான்கு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பு காலனி முழுக்கக் கேட்கும். வீட்டில் அதிகம் பேசாத என் அம்மாதான் அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள். பிள்ளைகள் பக்கத்தில் போனால் சட்டென்று பேச்சு நின்று, கல் பொறுக்கும் வேலை மும்முரமாகிவிடும். எனக்கு அதில் பெரிய மனக்குறை.

இத்தனை உழைப்புக்கும் சபை அவர்களுக்குச் செய்த மரியாதை வருஷ அறிக்கையில் ஒரு வரி. அதுவும் மைக் செட்காரருக்கு நன்றி சொன்ன பிறகு, நேரம் இருந்தால்.

அந்த வருஷம் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, குவைத்திலிருந்து லீவில் வந்தார். எங்கள் பக்கத்தில் ஆட்கள் குவைத்துக்குக் கிளம்ப ஆரம்பித்திருந்த காலம். போகாதவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். மாமா அங்கே டிரைவர். போகும்போது ஒல்லிப்பிச்சானாகப் போனவர், வரும்போது தொப்பையும் தங்கக் கலர் வாட்சும் சென்ட் வாசனையுமாக வந்து இறங்கினார். கூடவே கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைப்பெட்டிகள். அவற்றில் ஒன்றை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

இரண்டாம் நாள் அவரே திறந்து காட்டினார். உள்ளே நான்கு கம்பளிகள். கையை வைத்தால் உள்ளே போய்விடும், அவ்வளவு மெத்து. ஒன்றில் ரோஜாப்பூ, ஒன்றில் மயில், ஒன்றில் இரட்டைக் குதிரை. நான்காவதில் ஒரு புலி, நிஜப் புலியைவிடப் பெரியது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் விழுந்துவிட்டேன்.

பிடியரிசிக்காரர்கள் நான்கு பேருக்கும் வாங்கி வந்ததாக மாமா சொன்னார். அறுப்புப் பண்டிகை அன்று சபை முன்னால் மேலே கூப்பிட்டு, கை தட்டி, மரியாதையாகக் கொடுக்க வேண்டும். புலி, அக்காவுக்கு. குவைத்தில் இருந்த நாளெல்லாம் இந்த ஒரு காரியத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. “அரிசியில கல்லு பொறுக்குறதுக்கு எவனாவது பரிசு குடுப்பானாடா?” என்றாள். எங்கள் ஊர் வெயிலில் கம்பளி போர்த்திக்கொள்ள யாருக்குப் பைத்தியம் என்றும் கேட்டாள். ஆனால் மற்ற மூவருக்கும் தலைகால் புரியவில்லை. அந்த சனிக்கிழமை வராந்தாவில் யாருக்கு மயில், யாருக்குக் குதிரை என்று ஒரே ரகளை. ரோஜாவைத் தன் புருஷன் பார்த்தால் மூர்ச்சையாகிவிடுவார் என்று ஒருத்தி சொல்ல, அம்மாவும் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்கள் வீட்டுக்குப் புலி வரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்றும் உத்தரவு போட்டேன்.

அறுப்புப் பண்டிகை எங்கள் கோயிலுக்குத் திருவிழா மாதிரி. அவரவர் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து பீடத்தில் படைப்பார்கள். பூசணிக்காய், நிலக்கடலை, வெல்லம், கரும்பு, காலைக் கட்டிய சேவல். ஜெபம் முடிந்ததும், ஆராதனை நடத்தும் உபதேசியார் அவற்றை ஒவ்வொன்றாக ஏலம் விடுவார். அன்றைக்கு மட்டும் கஞ்சனுக்கும் கை நீளும். ஒரு பூசணிக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். வந்தது சபைக்கு.

மாமா அன்று வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டையில் வந்தார். கம்பளிகளைக் கொடுப்பதற்கு முன் ஜெபத்தில் வைத்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான்கையும் கொண்டுபோய்ப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் பீடத்தில் வைத்துவிட்டார். சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. வெளிநாட்டில் இருந்ததில் அவர் மறந்துபோனது காலனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குப் பீடத்தில் ஏறியது ஆண்டவருடையது. ஏலத்தில்தான் கீழே இறங்கும்.

ஜெபம் முடிந்து மாமா கம்பளியை எடுக்கக் கை நீட்டினார். உபதேசியார் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

“பீடத்துல ஏறினது ஏறினதுதான் தம்பி. நான் இன்னா பண்ணட்டும்?”

மாமா இது காணிக்கை இல்லை, பரிசு என்று மன்றாடினார். முன்வரிசைப் பெரியவர்கள் அனுதாபமாகத் தலையை ஆட்டினார்கள்; ஆனால் பக்கவாட்டில் ஆட்டினார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல், தான் வாங்கி வந்த கம்பளியைத் தானே ஏலம் கேட்க மாமா நின்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரோஜாவும் மயிலும் குதிரையும் ஒருவழியாக அவருக்கே வந்தன. யாரும் மும்முரமாகப் போட்டியிடவில்லை. ஒன்றிரண்டு பேர் விளையாட்டுக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் உபதேசியார் சும்மா விடுவாரா? ஆண்டவர் காரியம் என்று மேலே பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மாமாவின் பர்ஸ் இளைத்தது.

புலி விரிந்ததும் எஸ்.டி.டி. பூத்காரர் எழுந்தார். காலனியில் முதன்முதலாகக் கண்ணாடி அறை கட்டிப் போன் வைத்தவர் அவர். குவைத்துக்கும் பெங்களூருக்கும் ஊர் பேசுகிற பேச்செல்லாம் அவர் மீட்டரில் ஓடித்தான் போகும். புலியைப் பார்த்ததும் அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மாமா ஒன்று சொன்னால் அவர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். மாமாவுக்கும் ரோஷம் வந்தது. ஏற்றினார். அவரும் ஏற்றினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பர்ஸ் காலியாகி, மாமா கையிலிருந்த வாட்சைக் கழற்ற ஆரம்பித்தார். புலி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்ன முகத்தோடு நிற்பேன் என்று என் கவலை எனக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள். சபையில் ஒருநாளும் வாய் திறக்காதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஒரு பிடி அரிசி” என்றாள்.

உபதேசியாருக்குக் காதில் விழுந்தும் புரியவில்லை. “இன்னாம்மா?”

“என் கேள்வி அது. ஒரு பிடி அரிசி. அதுக்கு மேல கேக்குறவங்க கேக்கட்டும்.”

பின்னால் யாரோ ஒரு பையன் கெக்கெக்கே என்று சிரித்தான். அவன் அப்பா அவன் வாயைப் பொத்தினார். முன்வரிசைப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாமா கழற்றிய வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். உபதேசியார் பூத்காரரைப் பார்த்தார். அவர் ஏலத்துக்குத் தூக்கிய கையை இறக்கினார். பிறகு, “அதுக்கு மேல கேக்க நம்மளால ஆவாது” என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

உபதேசியார் ஒருதரம், ரெண்டுதரம் என்று ஆரம்பித்தார். மூணுதரத்தை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அப்போது எழுந்த கைத்தட்டலில் பீடத்துச் சேவல் மிரண்டு கொக்கரித்தது. மாமா பளபளக்கும் பூட்ஸோடு வீட்டுக்கு ஓடினார். ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து அள்ளிய அரிசியை, ஒரு மணி சிந்தாமல், இறுக்கிய கையோடு திரும்பி ஓடி வந்து பீடத்தில் வைத்தார். நான்கு பெண்களையும் மேலே கூப்பிட்டார்கள். கம்பளியைத் தோளில் போர்த்தியதும் நால்வருக்கும் வியர்த்துக் கொட்டியது. இருந்தும் யாரும் கழற்றவில்லை. அம்மா தோளில் புலி இருந்தது. சனிக்கிழமை வராந்தாவில் சிரிக்கிற அந்தச் சிரிப்பை, சபை முன்னால் அன்றைக்குத்தான் சிரித்தாள். என் அம்மா அவ்வளவு அழகு என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் தாத்தா லாரியில் அடிபட்டு இறந்தபோது மாமா கைக்குழந்தை. அம்மாவும் அவரும் அந்தக் குழைந்தும் விறைத்தும் நிற்கிற சோற்றில்தான் வளர்ந்தார்கள். பூத்காரர் வீட்டு அடுப்பும் ஒரு காலத்தில் அதே அரிசியில்தான் எரிந்திருக்கிறது. முன்வரிசையில் தரையைப் பார்த்தவர்களும் அப்படித்தான். இதெல்லாம் அவரவர் வாயாலேயே சொல்லி எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. அம்மா சாகும்வரை யார் வீட்டைப் பற்றியும் சொல்லவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது விலை நிலவரம் மட்டும்தான். ஒரு முழுப் புலி, ஒரு பிடி அரிசி. கணக்கு தெளிவாக இருந்தது. பெரியவர்கள் வீணாக ரூபாயைச் சுமந்துகொண்டு அலைகிறார்கள்.

மறுநாள் காலை பாட்டிலிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நைனா, என் அப்பா, ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். வேலை விடாததால் பண்டிகைக்கு வரவில்லை. பட்டறைக்கு எதிர் டீக்கடையில் போன் உண்டு. புலி வந்த செய்தியை அவருக்குச் சொல்ல வேண்டும். பூத்காரரின் மேஜை மேல் கையை விரித்து அரிசியைக் காட்டி, நைனாவோடு பேச வேண்டும் என்றேன்.

அவர் என்னையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி அதை வாங்கிக்கொண்டார். அவரே எண்களைச் சுழற்றி, டீக்கடைக்காரரை விரட்டி, நைனாவை வரவழைத்தார். கண்ணாடி அறைக்குள் நின்று, மூச்சு விடாமல், புலியின் மீசை வரைக்கும் சொல்லி முடித்தேன். மீட்டர் தன்பாட்டுக்கு ஓடியது.

வெளியே வந்து மேஜைக்கு முன்னால் நின்றேன். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். புலியே ஒரு பிடிதான், ஒரு போனுக்கு முழுசாக ஒரு பிடி ஆகாதே, மீதி வேண்டும் என்று கை நீட்டினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கு மீதி குடுக்க எங்கிட்ட ஏது பாப்பா?” என்றார்.

இவ்வளவு பெரிய கண்ணாடி அறை கட்டி வைத்திருக்கிற மனிதரிடம் ஒரு பிடி அரிசிக்குச் சில்லறை இல்லையே என்று, வழியெல்லாம் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.