கழற்ற வசதியாக வாங்கிய சப்பாத்து

என் கால்கள் இனி ஏலாது, மாதா யாத்திரைக்கு இம்முறை நான் காரில்தான் வருவேன் என்று ஹம் நகரில் நம்மவர் சிலர் சொல்கிறார்களாம். தவறு. நடந்துதான் வருவேன்.

சென்ற ஆண்டு குதிக்காலில் கொப்புளம் வந்து பாதி வழியில் நின்றது உண்மை. அதனால்தான் இன்று மருமகள் சுகந்தியுடன் மலைநடைச் சப்பாத்து விற்கும் கடைக்குப் போனேன்.

விற்பனைப் பெண் என் இரண்டு கால்களையும் அளந்தாள். பிறகு பழைய சப்பாத்தைப் பார்த்து, "இது உங்களுக்கு ஓர் அளவு பெரிது. ஏன் வாங்கினீர்கள்?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

சுகந்தி தமிழில் முந்திக்கொண்டாள். "சொல்லுங்கோ மாமி, போற வீட்டு வாசலிலை குனியாமல் கழட்டத்தான் எண்டு!"

"நீயும் அப்பிடித்தானே வாங்கிறனி?" என்றேன். சிரித்துவிட்டாள்.

புதியதைக் கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடையிலிருந்த சாய்வுப் பலகையில் ஏறி இறங்கினேன். குதிக்கால் வழுக்கவில்லை, விரல் முட்டவில்லை. சுகந்தி நீட்டிய கை தேவைப்படவில்லை.

ஆனால் இதைக் கழற்ற நான் உட்கார வேண்டும். யாத்திரை முடிந்து சாப்பிட வரச் சொன்னவர்களில் யார் வாசலில் கதிரை போடுவீர்கள்? தொலைபேசி வேண்டாம், இந்தக் குழுவிலேயே பதில் எழுதுங்கள்.