நாக்கின் அடியில் ஒரு மாத்திரை

கணபதிசுப்பிரமணியன் முப்பது வருடமாகத் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் பொங்கல் கிண்டியவர். ஒரு நாளும் உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. முருகனுக்குப் படைக்கும்வரை சமைக்கிறவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. பட்டால் அத்தனையும் எச்சில். மனிதர் அதில் படு கறார். வீட்டில் மனைவி ஞானாம்பாள் வைக்கும் ரசத்தில் மட்டும் ஆயிரம் குறை கண்டுபிடிப்பார்.

1998 ஆனியில் நெஞ்சுவலி வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் பலூனை அனுப்பிப் பார்த்தார்கள். விரியவே இல்லை.

"குழாய்க்குள்ள சுண்ணாம்பு கல்லா இறுகிக் கெடக்குங்க," என்றார் டாக்டர். "வைரப்பொடி பதிச்ச சின்ன ட்ரில்லை உள்ள விட்டு அரைச்சாத்தான் பலூன் விரியும். அந்த மெஷின் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் வேலைக்குப் போகாதீங்க. வலிச்சா உடனே இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வையுங்க."

போகாமல் எப்படி? ஆடிக் கிருத்திகைக்கு மடப்பள்ளியில் சமைக்கும் முறை அவருடையது. விட்டால் பங்காளி வந்து உட்கார்ந்துவிடுவான், அப்புறம் எழுந்திருக்கமாட்டான். கோயிலில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞானாம்பாள்தான் மாத்திரையை அவர் இடுப்பில் செருகி, "வலிச்சா போட்டுக்கறேன்னு சத்தியம் பண்ணுங்கோ," என்றாள். பண்ணினார்.

கிருத்திகையன்று சர்க்கரைப் பொங்கலை இறக்கும்போது வலி பிடித்தது. இடது கை மரத்துப்போனது. ஆளைக் கூப்பிட்டால் முறை போகும். மாத்திரையைப் போட்டால் பொங்கல் எச்சில். நைவேத்தியத்துக்கு இன்னும் கால் மணி நேரம். பாவம், எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துப் பார்த்தார். உயிர் போகிற பயம் பெரிய பயம். யாரும் பார்க்காத நேரத்தில் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டார்.

வலி இறங்கியது. பொங்கல் சன்னிதிக்குப் போனது. அவர் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி மேஜையில் மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது, அசையத்தான் கூடாது. தொடை வழியாக உள்ளே போன ட்ரில் கிர்ரென்று சுற்றும் சத்தம் காதில் விழுந்தது. தலைமாட்டில் நின்ற ஊழியர் வீராசாமி, திருத்தணிக்குப் பக்கத்துப் பள்ளிப்பட்டுக்காரர்.

"மலைக்கோயில் சாமிதானே நீங்க? முருகன் பேரைச் சொல்லிக்கினே இருங்க. ஒண்ணும் ஆவாது."

கணபதிசுப்பிரமணியனுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"வழி விட்டுடுச்சு, பலூன் விரிஞ்சிடுச்சு," என்றார் டாக்டர்.

"பாத்தீங்களா? உங்க முருகன் கைவிடலை," என்று குனிந்த வீராசாமி, அவர் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்துப் பதறினார். "இன்னா சாமி, வலிக்குதா?"

"இல்லேப்பா," என்றார் கணபதிசுப்பிரமணியன். "அவனுக்கு நான் எச்சிலைப் போட்டுட்டேன்."