மலக்குழிக்கு ஒரு மூலை

போன கிழமை என் மச்சாள் வாசுகியின் வீட்டு வரைபடம் பிரதேச சபையிலிருந்து மறுபடியும் திரும்பி வந்தது. வரைந்தவள் நான். சிவில் இஞ்சினியர் என்று பெயர்ப் பலகை போட்டுக்கொண்டவளும் நான். வேறு யாரைத் திட்டுவது?

ஆவணியில் வாசுகிக்குக் கல்யாணம். சீதன வீடு அதற்குள் எழும்ப வேண்டும். அனுமதி இல்லாமல் அத்திவாரமே வெட்ட முடியாது. தடையாக நின்றது ஒரேயொரு சாமான் — மலக்குழி.

கோண்டாவிலில் சின்னக் காணி. சுற்றிவர வீடுகள், வீட்டுக்கு வீடு கிணறு. குழி எந்தக் கிணற்றுக்கும் கிட்ட வரக்கூடாது என்கிறார் சுகாதாரப் பரிசோதகர். எல்லைக்கும் வீதிக்கும் கிட்ட வரக்கூடாது என்கிறது சபை. இரண்டும் சரிதான். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வேலியெல்லாம் மேலே மட்டும்தான். கீழே எல்லாருடைய தண்ணீரும் ஒன்று.

கவராயத்தை எடுத்து ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி வட்டம் கீறினேன். எல்லா வட்டத்துக்கும் தப்பி ஒரே இடம் மிஞ்சியது... சாமியறை!

“பிள்ளையாருக்குக் கீழையோ?” என்றார் மாமி, வாசுகியின் தாய். “உதுக்குத்தானே உன்னை இவ்வளவு படிப்பிச்சது?”

வரிசை போட்டுப் பார்ப்பது என் வியாதி. சுகாதாரப் பகுதிக்கு ஒரு விதி. சபைக்கு இன்னொரு விதி. குழாய்த் தண்ணீர் தருகிறவர்களிடம் ஒரு பதில் — ‘வரும்’. எல்லாரும் நல்லவர்கள், ஓரிடத்தில் தேத்தண்ணீர்கூடத் தந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் மேசையளவுப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறார். மேசைகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தது வாசுகியின் வீடு.

வாசுகி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இந்த வட்டம் எங்கடை கிணறுதானே? அது இன்னும் வெட்டவே இல்லை. அழியன்.”

அழித்தேன். வடமேற்கு மூலை பளிச்சென்று திறந்தது!

“கிணறில்லாத சீதன வீடோ? ஊர் என்ன கதைக்கும்?” மாமி அலறினார்.

“கதைக்கட்டும் அம்மா. கக்கூஸ் இல்லாமல் ஊரோடை கதைச்சுக்கொண்டு இருக்கேலாது.”

பின்வளவுத் தவம் அண்ணையின் கிணறு நல்ல தண்ணீர். ஆனால் வேலிக் கதியால் கம்புகளை எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று அவருக்கும் மாமிக்கும் நெடுநாள் பகை. வாசுகி நேரே போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

“தண்ணி தரலாம் பிள்ளை. நீ வந்து போக வேலியைப் பிரிச்சு ஒரு பொட்டு வைக்கோணும். கொம்மா விடுவாவோ?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஓம்’ என்று அர்த்தம்.

வாசுகி கிணற்றடியைச் சுற்றிப் பார்த்தாள்.

“அண்ணை, உது உங்கடை குழியோ? கிணத்துக்கு இவ்வளவு கிட்டவோ!”

“கட்டின நாளிலை இருந்து ஒருத்தரும் கேக்கேல்லை.”

“ஒருத்தரும் இஞ்சை வந்து தண்ணி குடிக்கேல்லை. நான் குடிக்கப் போறன். கேப்பன்.”

தவம் அண்ணை தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பிள்ளை, எனக்கும் ஒரு வட்டம் கீறன். குழியை அங்காலை மாத்துவம்.”

கவனித்தீர்களா? புது வீட்டைப் பிடித்து உலுக்குகிற விதி எதுவும் அந்தப் பழைய குழியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிக்கலான பிரச்சினை என்றால் எல்லாத் திணைக்களத்தையும் ஒரே மேசைக்குக் கூப்பிடச் சொல்கிறார்கள். கூப்பிடட்டும். கூடவே, ஒரே தண்ணீரைக் குடிப்பவர்களையும் கூப்பிட்டால் என்ன?

சுகாதாரப் பரிசோதகர்தான் கொஞ்சம் தடுமாறினார். “ரெண்டு வீட்டுக்கு ஒரு கிணறு... உப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லையே தங்கச்சி.” யோசித்தார். தடை ஒன்றும் தென்படவில்லை. கையெழுத்து வைத்தார். நேற்று சபையின் முத்திரையும் விழுந்தது. திங்கட்கிழமை அத்திவாரம்.

சரி, தவம் அண்ணை குழியை மாற்றுகிறாரா என்று யார் மேற்பார்வை செய்வது? அதற்கு அதிகாரி தேவையில்லை — வாசுகிக்குத் தாகம் எடுத்தால் போதும்.