என் புலால் மறுப்புப் பாட்டு

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. பாட்டெழுதும் கிறுக்கும் உண்டு. கறி, மீன் கூடாதென்று வாராவாரம் கூட்டம் போட்ட ஒரு சங்கத்தார் கேட்டார்கள் என்று புலால் மறுப்புப் பாட்டு ஒன்று எழுதிக் கொடுத்தேன். சிறு புத்தகமாக அச்சானது. கூட்டத்தில் விழுந்த கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மனைவி அதை வரி விடாமல் மனப்பாடம் செய்தாள். வீட்டு மீன்சட்டியைக் கொல்லையில் போட்டு உடைத்தாள். "நீங்க எழுதினத நானே மீறலாமா?" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆபீஸ் வேலையாகக் கிள்ளான் போகும்போதெல்லாம் அங்கே ஒரு கடையில் ஆட்டுக்கறியும் சோறும் தின்றுவிட்டு, வெற்றிலை போட்டு வாடையை மறைத்துக்கொண்டு வருவேன். அது அவளுக்குத் தெரியாது.

தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. தாய்க்குப் பால் ஊறவில்லை. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தோம். குழந்தை கக்கிக்கொண்டே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பக்கத்து வீட்டு அக்கா பாசார் மீன்கடையில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொண்டுவந்தாள்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுவும் குட்டி போட்ட தாய்தானேன்னு பாட்டுல இருக்கே அக்கா."

ஆட்டை நினைத்து எழுதிய வரி அது. அதையும் கைதட்டலுக்காகத்தான் எழுதினேன்.

அக்கா என்னை வாசலில் மடக்கினாள். "தம்பி, நீ சொன்னாத்தான் அது சாப்பிடும். பிள்ளை அழுற சத்தம் கம்மியாகிட்டே வருது, கேக்குதா?"

கேட்டது. உள்ளே போய், "பாட்டு கிடக்கட்டும், சாப்பிடு" என்று கெஞ்சினேன். "என்னைச் சோதிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். கிள்ளான் கடையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே சாப்பிட்டிருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. சங்கத்தார் காதுக்குப் போனால் மானம் என்னாவது என்று விழுங்கிவிட்டேன். மானமாம், தூ. அக்கா தினமும் புட்டு கொண்டுவந்தாள். மூன்று நாள் நான் வாயே திறக்கவில்லை.

நான்காம் நாள் காலை குழந்தை அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புட்டுத் தட்டை இழுத்து வைத்து, துணுக்கு மிச்சமில்லாமல் தின்றாள்.

குழந்தை அன்று சாயங்காலமே போய்விட்டது. அவளுக்குப் பால் மறுநாள்தான் சுரந்தது. புதைத்துவிட்டு வந்து குளித்து நின்றேன். சேலையின் முன்பக்கம் நனைந்திருக்க, சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கேட்டாள்:

"கிள்ளான்ல, ருசியா இருந்துச்சா?"