இடப்பக்கத்து யானை

வேலையிடத்தில் அவருக்கு ‘செக்’ என்று பட்டப்பெயர். உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறவர். யார் சிக்கினாலும் சதுரங்கத்தின் பூர்வீகத்தைச் சொல்லாமல் விடமாட்டார். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு படைகளால் வந்த பெயர் அது என்பார். ராணிக்கு அந்தக் காலத்தில் இத்தனை அதிகாரம் கிடையாது, ராஜாவின் ஆலோசகராக மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்த காய் அது என்பார். டீ ஆறிப்போகும், கதை முடியாது.

விடுமுறை நாட்களில் மனைவியின் தம்பியோடு ஆட்டம். அவனுக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. கிரேன் இறக்கும் கம்பிக் கட்டுகளைக் கீழே நின்று வாங்குவான். மாமாவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அந்த மழைக்காலத்தில் ஜெயிக்க ஆரம்பித்தான்.

“மாமா விட்டுக் குடுக்கிறாருக்கா,” என்று சிரித்தான்.

“ராஜாவ யாரும் வெட்டுறதில்லடா. செக்மேட்டுன்னா பாரசீகத்துல ராஜா வழியத்துப் போனான்னு அர்த்தம்,” என்று சமாளித்தார் அவர்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா பலகையை எட்டிப் பார்த்தாள். ஆட்டமே முடிந்துவிட்டது. அவருடைய இடப்பக்கத்து யானையும் குதிரையும் அடுக்கிவைத்த இடத்திலேயே நின்றன. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. தம்பியின் ராணி அந்தப் பக்கமாக வந்து ராஜாவை மடக்கியபோது, “இது எப்படா வந்துச்சு?” என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

சாப்பிடும்போது தட்டின் இடது பாதியைத் தொடாமலே, “இன்னும் கொஞ்சம் போடு, பசி அடங்கல,” என்றார்.

“என்னங்க, நாளைக்கு லீவு போடுங்க. டாக்டர்கிட்ட போவோம்.”

“தோத்ததுக்கெல்லாம் டாக்டரா? மேல உக்காந்தா எனக்கு ஊரே தெரியும்.”

காலையில் அவள் விழிக்குமுன் கிளம்பிவிட்டார். விழித்ததும் வேலையிடத்துக்கு ஓடினாள். வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாள். கம்பிக் கட்டு வானத்தில் மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே தளத்தில் நின்ற தம்பி நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். கட்டு நிற்கவில்லை. அவன் பின்னால் நகர்ந்து, மறுபடி காட்டினான்.

அவள் உள்ளே ஓடி, அங்கே நின்ற மேற்பார்வையாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், என் வீட்டுக்காரர கீழ இறக்குங்க. அவருக்கு ஒரு பக்கம் தெரியல.”

மேற்பார்வையாளர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார். தம்பியின் தலைக்குச் சற்று மேலே வந்து நின்றது கட்டு.

இறங்கி வந்தவர் எல்லோர் முன்னாலும், “என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே,” என்றார்.

மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. அறுவை முடிந்தும் இடப்பக்கப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அதே நிறுவனத்தில் சாமான் கிடங்கில் உட்காரவைத்தார்கள். மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவே வெகுநாள் ஆயிற்று.

“முழுசா எடுக்க முடியலம்மா. திரும்ப வளரலாம், பாத்துக்கிட்டே இருங்க,” என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நேற்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். இடது கை சட்டைக்குள் நுழையவே இல்லை.

“கொஞ்சம் நில்லுங்க,” என்று போய், அந்தக் கையைப் பிடித்து நுழைத்துவிட்டாள்.